காருக்குப் போன புல்

1

என் மகள் அபிக்குப் பன்னிரண்டு வயது. சென்ற மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். சுற்றுவட்டாரத்து நிறுவனங்கள் மேசை போட்டு, பிள்ளைகளுக்குப் பேனாவும் பலூனும் வண்ணப் புத்தகமும் கொடுத்திருக்கின்றன. நான் வேலை செய்யும் புல் ஆராய்ச்சி நிலையமும் ஒரு மேசை போட்டிருக்கிறது. எனக்கு அது தெரியாது. மேசை போடுகிறவர்கள் மேல்மாடிக்காரர்கள். நான் பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்.

அபி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் போட்டாள்.

"அப்பா, உங்க பிளேஸ் புக். என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் உங்கள ஃபேமஸ்னு நினைக்கிறாங்க."

அவளுடைய தமிழில் பெயர்ச்சொல்லெல்லாம் ஆங்கிலம். வினைச்சொல் மட்டும் எங்கள் மேல் இரக்கப்பட்டு மிச்சம் விட்டிருப்பது. நான் தேநீரைக் குடித்துக்கொண்டே பக்கங்களைத் தள்ளினேன். நடுப்பக்கம் முழுவதும் ஒரு படம். தேயிலை மலைச் சரிவில் ஒரு பெண் இறங்கி வருகிறாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு, தலையில் ஆளை விடப் பெரிய புல்லுக்கட்டு. கட்டின் நிழலில் பாதி முகம்தான் தெரிகிறது. அடுத்த பக்கத்தில் பளபளவென்று ஒரு கார். இரண்டுக்கும் கீழே ஒரே வரி ஓடுகிறது. நாளைய எரிபொருளைச் சுமந்து வருகிறவள் இவள் என்று அதற்குப் பொருள்.

அபி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "யாரு அப்பா இந்த லேடி? ரியலா, ஆக்டரா?"

"யாரோ," என்றேன்.

அது என் அக்கா பாக்கியம். படம் எடுத்தவன் நான்.

2

இலங்கையில் பதுளைப் பக்கத்து மலைகளில் நடந்தவர்களுக்கு மானாப் புல்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழைக்குத் துளிர்க்கும்போது மாடு ஆசையாகத் தின்னும். ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அதே புல் விளக்குமாற்றுக் குச்சியாகிவிடும். மாடு அதை வாயில் போட்டு அரைமணி நேரம் மென்றுவிட்டு, நம்மை ஒரு பார்வை பார்க்கும். வயிறு நிறையும், பால் வராது.

தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு புல் உண்டு. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையை இரண்டு வருடம் ஆறப் போடுவார்கள். அப்போது மண்ணுக்குச் சத்துச் சேர அதில் குவாத்தமாலாப் புல் நடுவார்கள். ஆள் உயரம், அகன்ற இலை, கோடையிலும் பச்சை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து மாடுகளுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில்தான் அது நிற்கும். வெட்டினால் குற்றம். மண்ணுக்கு நட்டது மண்ணுக்கே போக வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம்.

தொண்ணூற்றிரண்டில் மழையே இல்லாத காய்ச்சல். நான் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயக் காம்பராவில் அக்காவும் மச்சானும் 'சுட்டி' என்கிற மாடும்தான். சுட்டிக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதன் பாலில்தான் என் படிப்பு ஓடியது. கன்று போட்ட மாடு மானாக் குச்சியைத் தின்று எலும்பாகிக் கொண்டு வந்ததைப் பொறுக்க முடியாமல், அக்கா ஒருநாள் ஆறப் போட்ட மலைக்குள் புகுந்து ஒரு கட்டு வெட்டிவிட்டாள். காவல்காரன் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும் இடத்தில், தோட்டத்தை நடத்தும் துரை அவளை முன்னுக்குக் கூப்பிட்டு ஏன் வெட்டினாய் என்று கேட்டார்.

"மண்ணுக்குப் போடுற புல்லுதானுங்க," என்றாளாம் அக்கா. "மாடு தின்னுட்டுச் சாணியாப் போட்டாலும் மண்ணுக்குத்தானுங்க போகப்போவுது."

கூட்டம் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. இரண்டு கிழமை வேலை நிப்பாட்டினார்கள். அக்கா எனக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சுட்டி சுகம், மச்சான் சுகம், நீ நல்லாப் படி, அவ்வளவுதான். லீவுக்குப் போனபோது பதுளை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் காசீம் நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3

நான் தொண்ணூற்றைந்தில் ஸ்கொட்லாந்துக்கு வந்தேன். எங்கள் தோட்டங்களில் பாதிக்குப் பேர் வைத்தவர்களின் ஊர் இது. வந்த புதிதில் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர்களைப் பார்த்து, ஏறினால் பெரட்டுக் களத்தில் இறக்கிவிடுவான் போல என்று வதனியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வதனி என் மனைவி. பதுளையில் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்து வாத்தியாரின் மகள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. விரல் விட்டு எண்ண ஒரு கையே அதிகம்.

முதல் ஐந்து வருடமும் படிவங்கள். என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது. கடவுச்சீட்டில் இலங்கையன். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீங்கள் இந்தியரா?" என்றாள். இல்லை என்றேன். "இங்கே அப்படித்தானே இருக்கிறது?" என்றாள். என் அப்பா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, பதில் வருவதற்குள் கிழவனாகிப் போன கதையை நான் அவளுக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது எங்கள் ஆட்களின் வியாதி. பெரட்டில் பேர் கூப்பிட்டால் "ஆமாங்க" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆபீஸ் கடதாசி என்றால் படிக்க மாட்டோம். படித்தால் ஐயா நம் மேல் சந்தேகப்படுவார் என்று பயம். நான் பட்டதாரி. எனக்கும் அந்தப் பயம் போகவில்லை. இந்தக் கதையில் அது பிறகு வரும்.

படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. புல் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். தலைவர் பெயர் கிரஹாம். நெட்டை மனிதர், கைமுட்டியில் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர், யாரிடமும் சரிசமமாகப் பேசுவார். அங்கே நடந்த வேலை இதுதான். புல்லின் ஒவ்வொரு உயிர்க் கலத்தையும் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் உள்ள நார்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டும் முடிச்சுகள் இருப்பதால்தான் முற்றிய புல் மாட்டின் வயிற்றில் கரைவதில்லை. பங்கசு என்கிற ஒரு கறுப்புப் பூசணத்துக்கு அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதியம் ஒன்றைச் செய்யத் தெரியும். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்து இவர்கள் புல்லுக்குள்ளேயே வைத்தார்கள்.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் கிரஹாம் இதை எனக்கு விளக்கியபோது, என் கையில் இருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது. சுட்டியின் கதையை அவருக்குச் சொன்னேன். பெரட்டில் அக்கா சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உன் அக்காவுக்காகத்தான் நாம் இதைச் செய்கிறோம்," என்றார். "அனுமதி கிடைத்ததும் முதல் விதை உன் மலைக்குத்தான். அது என் பொறுப்பு."

சத்தியமாக நம்பினேன். இப்போது எழுதும்போது கூட அவர் அன்றைக்குப் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் ஆத்திரம். பொய் சொன்னவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

4

இரண்டாயிரத்து இரண்டில், சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் ஊருக்குப் போனேன். அபிக்குப் பள்ளிக்கூடம், வதனிக்கு லீவு இல்லை, தனியாகத்தான் போனேன். "மாடுகளையும் புல்லையும் படம் எடுத்து வா," என்று கிரஹாம் நிலையத்தின் கமராவையே தந்துவிட்டார்.

சுட்டி அப்போது இல்லை. சுட்டியின் பேத்தி இருந்தது. அக்கா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முகம் கூடக் கழுவாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கொட்டில் வாசலில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"புல்லுக்குள்ள சுவர் மாதிரி ஒண்ணு இருக்குக்கா. அது கெட்டியா இருக்கிறதாலதான் முத்துன புல்லு மாட்டுக்குச் செரிக்க மாட்டேங்குது."

"சரி."

"பழைய ரொட்டியில கறுப்பாப் பூசணம் புடிக்குதில்ல? அந்த மாதிரி ஒரு பூசணத்துக்கு அந்தச் சுவர அவுக்குற வித்தை தெரியும். அத எடுத்துப் புல்லுக்குள்ளயே வெச்சிருக்கோம்."

"பூசணம் புடிச்ச தீனி தின்னா மாடு கழியுமேடா."

"பூசணம் இல்லக்கா, அதோட வித்தை மட்டுந்தான். புல்லு உசிரோட நிக்கிறப்ப அது ஒரு பைக்குள்ள பேசாமக் கெடக்கும். மாடு மென்னதும் பை கிழியும். அப்புறம் உள்ளுக்குள்ள வேலையக் காட்டும்."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "களவாணிய வெளிய நிப்பாட்டிட்டு, அவன் சாவிய மட்டும் வாங்கிக்கிட்டீங்க."

நிலையத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய அறிக்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு வசனம் இல்லை. 

"அப்ப கச்சான் காத்துல காஞ்ச புல்லையும் திங்குமா?"

"தின்னும். பாலும் கறக்கும்."

"எப்ப வரும்?"

"மூணு வருஷம், நாலு வருஷம். மொதல் விதை நமக்குத்தான்னு பெரியவரு வாக்குக் குடுத்திருக்காரு."

"அவரு குடுத்தது கெடக்கட்டும். நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்க்கா."

மறுநாள் அவள் புல்லுக்கட்டோடு இறங்கி வரும்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன். கட்டை இறக்கிவிட்டு நில் என்றேன், முகம் தெரியட்டும் என்று. "மாட்டுக்காரிக்கு மூஞ்சி எதுக்கு, கட்டுத் தெரிஞ்சாப் போதும்," என்று சிரித்தாள்.

நான் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கீழே ஒரு சரிவு சும்மா கிடந்தது. அதைத் தனக்குத் தரும்படி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள். தம்பி சீமையிலிருந்து புதுப் புல் அனுப்பப் போகிறான், நட இடம் வேண்டும் என்று. கொடுத்தார்கள். தோட்டத்தில் அப்படிக் கொடுக்கிற நிலத்துக்குக் கடதாசி கிடையாது. வாய்ச்சொல்தான். பயிர் வைத்தால் உன்னுடையது, சும்மா போட்டால் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். அக்கா கல் பொறுக்கி, அணை கட்டி, சாணி போட்டு, வெறும் மண்ணாக வைத்துக்கொண்டாள். பீன்ஸ் போடு, கோவா போடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்களிடம், "மண்ணு ஆறட்டும்," என்றாளாம். தோட்டம் தேயிலைக்கு மலையை ஆறப் போடுவது போல, அவள் என் புல்லுக்கு நிலத்தை ஆறப் போட்டாள்.

5

அந்தக் காலத்தில் லயத்துக்குப் போன் இல்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் காசீம் நானா கடைக்கு எடுப்பேன். அக்கா பஸ் பிடித்து டவுனுக்கு வந்து காத்திருப்பாள். நானா முதலில் எடுத்து, "தம்பி, அக்கா வந்து ஒரு மணித்தியாலமாகுது, பிளேன்டீ குடுத்து வெச்சிருக்கேன்," என்பார். பிறகு அக்கா வருவாள். சுகம் கேட்டு முடிந்ததும் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"புல்லு என்னா நெலம?"

உண்மையைச் சொன்னேன். புல் நன்றாக வருகிறது, ஆனால் வெளியே விடமாட்டார்கள். கண்ணாடி வீட்டுக்குள் போக ஒரு சப்பாத்து, வர ஒரு சப்பாத்து. ஒவ்வொரு சாடிக்கும் இலக்கம். பூ விட வந்தால் மகரந்தம் காற்றில் போய்விடாமல் தலையை வெட்ட வேண்டும். அந்த வெட்டுகிற வேலை என்னுடையது. "இங்கயும் புல்லு வெட்டுறது நாந்தான்," என்று சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது என்று நானா சொன்னார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்களையெல்லாம் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். கிரஹாம் திரையில் ஒரு காரைக் காட்டினார். புல்லின் சுவரைக் கரைத்தால் சர்க்கரை வரும், சர்க்கரையைப் புளிக்க வைத்தால் சாராயம் வரும், சாராயத்தில் கார் ஓடும். அரசாங்கத்துக்கு இப்போது அதுதான் வேண்டியிருக்கிறது. இனி நிலையத்தின் வேலை அதுதான்.

"ஒன்றும் மாறவில்லை," என்றார். "அதே புல், அதே நொதியம். வயிறு மட்டும்தான் வேறு."

நான் கையை உயர்த்தினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் நான் கேட்ட முதல் கேள்வி அது. "அப்படியானால் மாடுகள்?"

"மாடுகளுக்கு மந்திரிசபையில் ஆளில்லையே," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரட்டில் அக்காவைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தை இத்தனை வருடம் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தவன், மேல்மாடியில் நாற்காலி கிடைத்ததும் அதே சிரிப்பைச் சிரித்தேன். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது.

மாடுகளுக்குத் தீனி போட்டுப் பார்ப்பதற்காக வளர்த்து வைத்திருந்த சாடிகள் வேண்டாதவையாகிவிட்டன. சட்டப்படி அவற்றை நீராவிப் பெட்டியில் வைத்து அவித்துத்தான் எறிய வேண்டும். அவித்தவன் நான். மூன்று நாள் வேலை. ஒரு தண்டைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு இலக்கப் பட்டியலில் சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்கா கேட்டாள். "புல்லு என்னா நெலம?"

"வரும்க்கா," என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னேன். லயத்துக்குப் போன் வந்தது. காசீம் நானா கடைக்குப் போக வேண்டிய தேவை இல்லாமல் போனது. என் பொய்க்கும் அவளுக்கும் நடுவே இருந்த பஸ் பயணம் கூட இல்லாமல் போனது.

6

புத்தகம் வந்த மறுநாள் நேரே கிரஹாமின் அறைக்குப் போனேன். நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன்.

"இது என் அக்கா."

"தெரியும்," என்றார். "அருமையான படம். நம்மிடம் உள்ளதிலேயே சிறந்தது இதுதான்."

"அவள் எரிபொருள் சுமக்கவில்லை. மாட்டுக்குப் புல் சுமக்கிறாள்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகம் போடுகிறவர்கள் வேறு பகுதி, தன்னைக் கேட்கவில்லை என்றார். பிறகு கணினியில் எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பரில் கமராவைத் திருப்பிக் கொடுத்தபோது நான் போட்ட கையெழுத்து. படங்களை நிலையம் தன் விருப்பப்படி எங்கும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். படத்தில் இருப்பவரின் சம்மதத்தை நானே வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே என் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல்.

"முதல் விதை என் மலைக்கு என்று சொன்னீர்கள்."

"சொன்னேன்," என்றார் மெதுவாக. "அப்போது அப்படித்தான் நினைத்தேன்."

அதற்குக் கையெழுத்து இல்லை, அதனால் திரையில் காட்ட ஒன்றும் இல்லை. என்னை நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவர், எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, "அக்காவுக்கு என் அன்பைச் சொல்," என்றார்.

வீட்டில் வதனியிடம் கொட்டினேன். கிரஹாமை, நிலையத்தை, இந்த நாட்டை, எனக்கு வாயில் வந்த எல்லோரையும் ஏசினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புல்லு வராது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

சொன்னேன்.

"ரெண்டு வருசமாத் தெரிஞ்சுகொண்டே அக்காவுக்கு வரும் வரும் எண்டு சொன்னனீங்களோ?" மடித்த துணியை மறுபடி விரித்துவிட்டாள். "அந்த வெள்ளைக்காரனை ஏசிறதுக்கு உங்களுக்கு என்னப்பா வாய் இருக்கு?"

அறை வாசலில் அபி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கையில் அந்தப் புத்தகம். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது அத்தையா? போன்ல பேசுற அத்தையா?" என்றாள். "யாரோன்னு சொன்னீங்க."

கல்யாணப் படத்தில் பட்டுச் சேலையோடு இருக்கும் அத்தையைத்தான் அவளுக்குத் தெரியும். குனிந்த தலையும் சாக்குப் படங்குமாக அத்தையைத் தெரியாதது அவள் குற்றமில்லை. நான் காட்டியதில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அங்கே பகல் சாப்பாடு முடிந்திருக்கும். அக்காதான் எடுத்தாள். இந்த முறை அவள் கேட்கும் வரை நான் காத்திருக்கவில்லை.

"அக்கா, புல்லு வராது."

"என்னா?"

"நம்ம புல்லு. வராது. அத மாட்டுக்குன்னு செய்யிறத நிப்பாட்டிட்டாங்க. இப்ப காருக்கு எண்ணெய் எடுக்கச் செய்யிறாங்க."

அந்தப் பக்கம் எங்கோ சேவல் கூவியது கேட்டது.

"காருக்கா?"

"ஆமாக்கா. ஒன் படத்தயும் பொஸ்தகத்துல போட்டிருக்காங்க. காருக்குப் பக்கத்துல."

"எந்தப் படம்? அந்தக் கட்டோட புடிச்சியே, அதா?"

"அதுதான்."

"எம் பேரு போட்டிருக்கா?"

"இல்ல."

"சரி, போட்டுட்டுப் போறாங்க. வெள்ளக்காரன் நமக்கு என்னா மாமனா மச்சானா." மூச்சு விட்டாள். "எப்ப நிப்பாட்டுனாங்க? இப்பவா?"

இப்போது என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றதை நான் மறைக்கப்போவதில்லை.

"ரெண்டு வருஷமாச்சுக்கா."

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"போன மாசம் ஆபீசுலேருந்து ஐயா வந்து கேட்டாரு," என்றாள். குரல் உயரவில்லை. "அஞ்சு வருஷமா மண்ணாக் கெடக்கே, எடத்த வேற ஆளுக்குக் குடுக்கப்போறேன்னு. லயத்துச் சனம் அத்தன பேரும் நின்னுச்சு. எந் தம்பி பொய் சொல்லமாட்டான்னு சொன்னேன்டா. அத்தன பேருக்கும் முன்னாடி சொன்னேன்."

"அக்கா..."

"வெச்சிடு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

8

அடுத்த ஞாயிறு எடுத்தேன். மச்சான் எடுத்தார். அக்கா வெளியே போயிருக்கிறாள் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அவரே எடுத்தார். மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். இருக்கிறாள், பேசமாட்டாள் என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது.

"எடத்த எடுத்துட்டாங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"இல்ல மாப்ள. எடுக்கல. புல்லு நட்டாச்சு."

"என்ன புல்லு?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "பசறை ரோட்டோரத்துல கினிப்புல்லு நிக்குதில்ல, ஆடுமாடு மேயிறது. ஒங்கக்கா போயி வேரோட புடுங்கியாந்து நட்டுருக்கா. மூணு நாளு, ஒத்தையில. ஒரு கை புடிக்கிறேன்னேன், வேணாம்னுட்டா."

"நல்லதுதானே மச்சான்."

"நல்லதுதான். ஆனா..." மறுபடி செருமினார். "ஐயா வந்து பாத்தாரு. சனமும் கூடிருச்சு. இது என்னா புல்லுன்னு கேட்டாரு. எந் தம்பி சீமையிலேருந்து அனுப்புன புல்லுன்னுட்டா."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பாத்தவங்களுக்கெல்லாம் இது கினிப்புல்லுன்னு தெரியும் மாப்ள. ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. நாளப்பின்ன ஊருக்கு வந்தா, யாராச்சும் கேட்டா, நீங்களும் அப்பிடியே சொல்லணுமாம். மாத்திச் சொல்லிறாதீங்கன்னா."

பக்கத்தில் அக்கா நிற்கிறாள் என்று தெரிந்தது. மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்காகிட்டக் குடுங்க மச்சான். ஒரு வார்த்தை."

போன் கை மாறுவது போல ஒரு சரசரப்பு. பிறகு மச்சானின் குரல்தான் வந்தது.

"புல்லு வெட்டப் போறாளாம் மாப்ள."